பெத்தம்மாள் பட்டடை தேடிய புரட்டாசி

இரும்பு லோடு என்றாலே எனக்கு ஆகாது. புது வண்டியின் தொட்டியில் முதல் கீறலைப் போடுவது இரும்புதான். கோவில்பட்டி ஸ்டாண்டில் குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து தீப்பெட்டி பண்டல், கடலை மூடை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். அப்படிப்பட்டவனை இரண்டாயிரத்து ஆறு புரட்டாசி முழுக்க ஒரு இரும்புக்காக ஊர் ஊராக அலைய வைத்தவள் பெத்தம்மாள். வாடகை கொடுத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் அலைந்தது அவள் புருஷன்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தில்.

புருஷன் சோலைமுத்து ஆசாரிக்குப் பசுவந்தனை ரோட்டில் கொல்லுலை. பழுத்த இரும்பைக் குறட்டால் பிடித்துக்கொண்டு அவர் சின்னச் சுத்தியலால் தட்டுவார். தட்டிய இடத்தில் பெத்தம்மாள் எதிரே நின்று சம்மட்டி போடுவாள். கல்யாணமாகி வந்த வருஷமே அந்தச் சம்மட்டி அவள் கைக்கு வந்துவிட்டது. அடி கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஆசாரி கையில் எது இருக்கிறதோ அதாலேயே அவளை அடிப்பார். குறடு இருந்தால் குறடு, கரி அள்ளும் கரண்டி இருந்தால் கரண்டி. வேலை கொண்டுவந்து நிற்கிற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அந்த நேரத்தில் மட்டும் ரோட்டைப் பார்ப்பார்கள். அப்புறம், "கோவக்காரர்தான், ஆனா வேலையில அவரை அடிச்சுக்க ஆள் கெடையாது" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை தெரிந்தவன் அடித்தால் மட்டும் வலிக்காதா?

அந்த ஆவணியில் ஒருநாள் வண்டிக் கதவின் கொக்கியைத் தட்டிச் சரிசெய்ய நான் அங்கே போயிருந்தேன். மகள் சத்யபிரியா கஞ்சி கொண்டுவர நேரமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. ஆசாரி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உலையில் கிடந்த களைகொத்தியைக் குறட்டால் எடுத்து அப்படியே அவள்மேல் வீசினார். சிவக்கக் காய்ந்த இரும்பு முழங்காலுக்குக் கீழே பட்டது. கறி பொசுங்குகிற வாடை ரோடு வரைக்கும் வந்தது. பெத்தம்மாள் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஆசாரி தொலைந்தார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். சம்மட்டி அவருக்குப் பக்கத்திலிருந்த துருத்தியில் இறங்கி அதைச் சுக்குச் சுக்காக நொறுக்கியது. அவள் சம்மட்டியை என் வண்டித் தொட்டிக்குள் எறிந்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

காலுக்கு மருந்து போட்டுவிட்டு தம்பி வேணுகோபால் வீட்டில் இறங்கினாள். வேணுகோபாலுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. நல்லவன்தான், ஆனால் பயந்தவன். "அவ வரலேன்னா ஒன்னையும் சேத்து வெட்டுவேன்" என்று ஆசாரி ஆள் விட்டதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஐப்பசி பொறக்க வரைக்கும் இரு அக்கா. அதுக்குமேல என்னால ஏலாது. அத்தான்கிட்ட நானே கொண்டு விட்டுருவேன்" என்றான்.

"அதுக்குள்ள நான் தனியா உலை போட்டுருதேன்" என்றாள் பெத்தம்மாள்.

ஐப்பசி மழை விழுந்து கரிசலில் களை எழும்பிவிட்டால் களைகொத்தி தட்ட ஆட்கள் வரிசை கட்டுவார்கள். அப்போது அவளுக்கென்று ஓர் உலை எரிந்தால் தாயும் மகளும் பிழைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போய்க் குறட்டடி வாங்க வேண்டும். துருத்தி, குறடு, சுத்தியல் எல்லாம் கடையில் கிடைத்தன. கிடைக்காதது பட்டடை ஒன்றுதான். காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கிற அந்தக் கனத்த இரும்பு. புதிதாக அவள் பார்த்ததெல்லாம் வார்ப்பு இரும்பு, ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். நல்ல எஃகுப் பட்டடை வேண்டுமென்றால் பழசுதான். அதை வைத்திருக்கிற ஆசாரி சாகிறவரைக்கும் விற்கமாட்டார். மகன் இருந்துவிட்டால் செத்த பிறகும் விற்கமாட்டார்கள்.

முதலில் டவுனிலேயே ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கறுப்பு பெயிண்ட் அடித்த பட்டடை ஒன்றைக் காட்டினார்.

"மில்லுல கெடந்தது, அசல் எஃகு. ஆமா, பொம்பளைக்கு எதுக்கும்மா பட்டடை? கருவாடு தட்டப் போறியா?"

மூடை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பெத்தம்மாள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். டொப்பென்றது.

"அண்ணாச்சி, இது எஃகுதானா?"

"சத்தியமா எஃகு."

"அப்ப ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் கிடந்த சம்மட்டியை எடுத்தாள். ஒரே போடு. பட்டடை இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு தராசின்மேல் போய் விழுந்தது. உடைந்த வாய் சாம்பல் நிறத்தில் ரவை ரவையாகத் தெரிந்தது. வெறும் வார்ப்பு. அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் சரிந்தார். எழுந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார்.

"கூப்பிடுங்க. சத்தியம் பண்ணுனதையும் மறக்காம அவிய கிட்ட சொல்லுங்க" என்றாள்.

நான் அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, வாய் நிறையச் சிரிப்பாகவும் இருந்தது. அதற்குப் பிறகு டவுனில் எந்த இரும்புக் கடையும் எங்களை உள்ளே விடவில்லை.

புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனிக்காரர் நல்ல பட்டடையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ஆனால் மூலை தெறித்துப் போயிருந்தது. இன்னோர் ஊரில் பேசி முடித்த பிறகு மகன் வந்து நாயை அவிழ்த்துவிட்டான். புரட்டாசி கடைசி வாரம் வந்துவிட்டது. வேணுகோபால் அக்காவின் சேலைகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் குளத்தூரில் ஒன்று இருக்கிறது என்று உப்பு லாரிக்காரர் ஒருவர் சொன்னார்.

குளத்தூர் வீட்டில் வெயிலுகந்தம்மாள் என்ற அம்மா மட்டும் இருந்தார். அவர் புருஷனும் ஆசாரிதான், இறந்து ரெண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மகன்கள் இரண்டு பேர். அப்பாவின் பட்டடை யாருக்கு என்பதில் சண்டை. சின்னவன் வெட்டியதில் பெரியவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. பட்டடையில் யாரும் வேலை செய்யவில்லை. உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் எண்ணெய்ச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் கிடந்தது.

"ரெண்டு பேரும் உப்பளத்துக்குப் போயிருக்கானுவ. வாரதுக்குள்ள தூக்கிட்டுப் போயிரு தாயி" என்றார் அந்த அம்மா.

"மகன்மாரு இருக்கையில விக்கலாமாம்மா?"

"ரெண்டு பேரும் இருக்கணும்னுதான் விக்குதேன்."

பெத்தம்மாள் சாக்கை அவிழ்த்தாள். ஒரு பக்கம் கொம்பு நீண்ட பழைய சீமைப் பட்டடை. முகத்தில் ஒரு பள்ளம் இல்லை. சுத்தியலை லேசாக மேலே போட்டாள். கணீரென்று சத்தம் வந்தது, சுத்தியல் அவள் கைக்கே எழும்பி வந்தது. அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையின் கால் வெந்த அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து பலகை போட்டு உருட்டி ஏற்றினோம். கயிறு கட்டுகிற நேரத்தில் மகன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்துவிட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியவன் கல்லை விட்டெறிந்து என் கண்ணாடியை உடைத்தான். சின்னவன் அரிவாளோடு ஓடிவந்து கயிற்றை வெட்டப் பார்த்தான். வெட்டு தொட்டியில் விழுந்து தகடு கிழிந்தது. அடுத்த நிமிஷம், "நீதாம்ல வித்தே" என்று ஒருவன்மேல் ஒருவன் பாய்ந்தார்கள். இடையில் விழுந்த தாய்க்கு முன்கையில் வெட்டு. ரத்தத்தைப் பார்த்த பிறகும் சின்னவன் அரிவாளை மறுபடியும் ஓங்கினான். பெத்தம்மாள் தொட்டியிலிருந்து குதித்துச் சம்மட்டிக் காம்பால் அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அரிவாள் விழுந்தது.

வெயிலுகந்தம்மாள் கையைச் சேலையில் சுற்றிக்கொண்டே, "போ, போ" என்றார். பெரியவன் அழுதுகொண்டு அம்மாவைத் தூக்கினான். நான் விளாத்திகுளம் தாண்டும்வரை வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

கடலையூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை பிடித்துக் கருவேலங்கட்டையைப் புதைத்து அதன்மேல் பட்டடையை ஏற்றினோம். பெத்தம்மாள் குறடும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டாள். சத்யபிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்து சம்மட்டி போட்டாள். தாங்குவாளா என்று எனக்குக் கவலை. தாங்கினாள். சோலைமுத்து ஆசாரியின் பட்டடை அவர் அப்பா காலத்து மெத்தை இரும்பு. போடுகிற அடியை எல்லாம் அதுவே தின்றுவிடும். இது அடித்த அடியைத் திருப்பிக் கொடுத்தது. பாதிப் பலம் போட்டாலே வேலை நடந்தது. ஐப்பசி பிறந்தது, மழை விழுந்தது. முதலில் இரண்டு சம்சாரிகள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிறகு கூட்டம் வந்தது.

கூட்டம் வந்த சேதி ஆசாரிக்கும் போயிற்று. ஒரு சனிக்கிழமை நல்ல பகலில், ஏழெட்டுப் பேர் களைகொத்தியோடு நிற்கும்போது வந்தார். குடித்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"ஏட்டி, கெளம்பு" என்றார்.

"வரல" என்றாள்.

மகள் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கினார். பெத்தம்மாள் மகளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள். வந்திருந்தவர்கள் வழக்கம்போல ரோட்டைப் பார்த்தார்கள். நான் ஜாக்கிக் கம்பியை எடுக்க வண்டிக்கு ஓடினேன்.

"ஒன்னைய அடிச்சா போலீஸ் வருவான். இதைய ஒடைச்சா எவன் வாரான்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டடைப் பக்கம் திரும்பினார்.

"வெறும் பட்டடையில போடாதீக" என்று அவள் கத்தினாள்.

அவர் கேட்கிற ஆளா? உடம்பில் இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி ஓங்கிப் போட்டார். மெத்தை இரும்பிலேயே ஆயுசு முழுக்க அடித்த கை அது. அடி அங்கேயே படுத்துக்கொள்ளும் என்று நினைத்த கை. சம்மட்டி போன வேகத்தில் எகிறித் திரும்பி வந்து அவர் தாடையில் இறங்கியது. பல் இரண்டு பட்டடையின்மேல் விழுந்தது. ஆசாரி வாயில் ரத்தத்தோடு முழங்கால் மடிந்து கரிக்குவியலில் சாய்ந்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு திருப்தி. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். பேச முடியாது, குழாய் வழியாகக் கஞ்சிதான். வேணுகோபால் அக்காவிடம் வந்து அழுதான். "மனுசன் பாவம் போலக் கெடக்காரு. இனி கை நீட்ட மாட்டாரு அக்கா. ஒருதடவை வந்து பாரு." சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆக்கிப்போட ஆள் வேண்டும் என்பதை அவ்வளவு அழகாகச் சுற்றிச் சொன்னார்கள்.

அவள் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். எனக்குத் தாங்க முடியவில்லை.

"இதுக்கா அக்கா இவ்வளவு அலைஞ்சோம்? அங்கன போய் திரும்பக் குறட்டடி வாங்கவா?"

"மனசு மாறியிருந்தா கூட்டிட்டு வந்துருவேன், இசக்கி. பிள்ளைக்கு அப்பன்" என்றாள்.

வழியில் ஒரு பள்ளத்துக்குக்கூட நான் பிரேக் பிடிக்கவில்லை. அவ்வளவு கோபம்.

வார்டில் அவரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். முகம் பாதிக்கு மேல் கட்டு. பெத்தம்மாள் தலையைத் தாங்கி உட்கார வைத்து, கஞ்சியை டம்ளரில் ஆற்றி, குழாயை வாயோரம் வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சினார். சூடு கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும் போல. கண்ணைச் சுருக்கினார். கை எழும்பி அவள் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெத்தம்மாள் டம்ளரைக் கீழே சிந்தாமல் மேஜையில் வைத்தாள். பிறகு தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் நடந்து வந்து வண்டியில் உட்கார்ந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லலே" என்றாள். குரலில் ஆச்சரியம் இருந்தது. "கொஞ்சம்கூட வலிக்கல. இந்தக் கைக்கா இத்தனை வருசம் பயந்து கெடந்தேன்?"

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். கடலையூர் ரோடு திரும்புகிறவரைக்கும் அழுதாள். நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.