சுவீடன் அடுப்பு

கப்பலூரில் கடலைத் தோலையும் மரத்தூளையும் எந்திரத்தில் அழுத்தி எரிகட்டை செய்யும் அழகுபாண்டி, ஒவ்வொரு நாட்டையும் அது எதை எரிக்கிறது என்பதை வைத்தே மதிப்பார். சுவீடன்காரன் மரக்கழிவை எரிக்கிறான், அறிவாளி. ஜப்பான்காரன் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டைக்கூடக் கப்பலில் வரவழைத்து எரிக்கிறான், பெரிய அறிவாளி. சீனாவில் கிராமத்துக்காரர்கள் வைக்கோலை விட்டு கேஸுக்கு மாறுவதைத் துக்கச் செய்தி போலச் சொல்வார். அவர் வீட்டுச் சமையலும் கேஸில்தான். அதைப் பற்றி அவருக்குக் கருத்து இல்லை.

கட்டை தேங்கிக் கிடந்தது. பழங்காநத்தத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சீனியம்மாள் வாங்காவிட்டால் எந்திரத்தை விற்க வேண்டியதுதான். அந்த அம்மாள், “உங்க ஊர்க் கோயில் பொங்கலுக்கு வாரேன். எரிச்சுக் காட்டு, பாப்போம்” என்றுவிட்டார்.

அம்மன் கோயில் முன் பானைகள் வரிசையாக ஏறின. எவள் பானை முதலில் பொங்குகிறதோ, அவள் அந்த வருஷம் முழுக்கத் தலை நிமிர்ந்து நடக்கலாம். எல்லா அடுப்பிலும் தென்னம்பாளை. தமிழ்ச்செல்வியின் அடுப்பில் மட்டும் புருஷன் அழகுபாண்டியின் கட்டை.

“ரெண்டு பாளையும் சேத்து வைப்போங்க.”

“வேணாம். சுவீடன்ல பாளைக்கு எங்க போறான்?”

“சுவீடன்ல பொங்க வைக்கிறாகளா?”

அழகுபாண்டி குனிந்து அடுப்பை ஊதினார். கட்டை பற்றிக்கொள்ள யோசித்தது. அக்கம்பக்கமெல்லாம் பொங்கிக் குலவை முழங்கியது. பக்கத்து அடுப்பு ரெங்கம்மாள் எட்டிப் பார்த்து, “ஏத்தா, உம் பானைக்கு நாளைக்கு வந்து குலவை போடவா?” என்றாள். குடை பிடித்து நின்ற சீனியம்மாள் பந்திப் பக்கம் திரும்பி நடந்தார். அதுதான் அழகுபாண்டியை அதிகம் வாட்டியது.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு பானை பொங்கியது. தமிழ்ச்செல்வி தனியாகக் குலவையிட்டாள். பானையை இறக்கியும் நெருப்பு அடங்கவில்லை. அம்மன் முன் மூட்டிய அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தானாக அணைய வேண்டும். இருவரும் காவல் இருந்தார்கள். மொட்டை போட்ட பிள்ளைகளைக் குளிப்பாட்ட, அதே அடுப்பில் யார் யாரோ அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டுக்கொண்டு போனார்கள்.

சாப்பிட்டு, உறங்கி எழுந்து வந்த சீனியம்மாள் அடுப்பையே பார்த்தார்.

“இம்புட்டு நேரமாவா எரியுது? ஏந்தம்பி, சுவீடன்ல இத எதுக்கு எரிக்கிறாக?”

“குளிருக்குக்கா. ராவெல்லாம் வீடு கதகதன்னு இருக்க.”

“அத இம்புட்டு நாளும் நீ சொல்லவே இல்லியே. சமையலுக்கு வேணாம், எங்க சமையக்காரரு உன்னைய அடிக்க வருவாரு. மாப்ள வீட்டுக்காரக குளிக்க விடிய விடிய வெந்நி போடணும், அதுக்குக் கட்டைய இறக்கு.”

அழகுபாண்டிக்கு முகம் மலர்ந்தது. “தமிழு, பின்லாந்துல என்னா பண்றான்னா…”

தமிழ்ச்செல்வி பானையை இடுப்பில் ஏற்றினாள்.

“அடுப்பு இன்னும் அடங்கல. உக்காந்து அதுக்குச் சொல்லுங்க. நான் போறேன்.”