அக்கா தனியே உயர்த்திய கை

எங்கள் அக்கா சம்பூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போரில் ஊரை விட்டு ஓடியபோது, நோயாளியான அம்மாவையும் என்னையும் முகாம் முகாமாக அழைத்துச் சென்று, கடைசியில் பாலையூற்றில் குடியமர்த்தியவர் அவரே. முன்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது அத்தானை மணந்தார். எங்களுக்காகக் கதைக்க ஒரு கட்சி வேண்டும் என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கட்சியில் சேர்ந்தார். அவர் பிரதேச சபை உறுப்பினரானார். நான் கட்சியின் கிளைச் செயலாளரானேன்.

அக்காவின் மறைவுக்குப் பின் வெளியிடும் இந்த நன்றி மடலில் நல்லதை மட்டும் எழுதும்படி உறவினர் கேட்டார்கள். என்னால் முடியவில்லை.

கடற்றொழிலாளர் கரையில் நின்று கரைவலை இழுக்கும் கடற்கரை ஒன்றை விடுதி கட்டக் கொடுக்கும் தீர்மானம் சபைக்கு வந்தது. கட்சிக்குள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் எல்லோரும் ஆதரிக்க வேண்டுமென்று தலைமை உத்தரவிட்டது. அதை அக்காவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

“என்ன இருந்தாலும் கட்சிக்கு உள்ளுக்குக் கதையுங்கோ அக்கா. சபையில ஒரு பக்கமாத்தான் நிக்க வேணும்.”

“உள்ளுக்கும் கதைச்சனான். வாயை மூடச் சொல்லினம். அந்தச் சனம் வலையை எங்க கொண்டுபோய் இழுக்கிறது? என்னால ஏலாது தம்பி.”

எங்கள் கட்சியில் எதிர்த்துக் கை உயர்த்தியவர் அவர் ஒருவரே. முந்தைய நாள் வரை அவரோடு சேர்ந்து குமுறியவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. அக்காவைக் கட்சியிலிருந்து நீக்கும் கடிதத்தில் செயலாளர் என்ற முறையில் நான் கையொப்பமிட்டேன். கட்சிக்காரர் யாரும் அவரோடு கதைக்கக் கூடாது என்றும் தலைமை சொன்னது. தெருவில் அவரைக் கண்டால் நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அவருக்குப் புற்றுநோய் என்று அறிந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“அக்கா, அந்தக் கடிதம்...”

“ஓம், பார்த்தனான். உன்ர கையெழுத்து எண்டு உடன தெரிஞ்சிட்டுது.”

அவ்வளவுதான். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அது மன்னிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இறுதிச் சடங்கன்று கட்சிக்காரர் கொடியோடு வந்தார்கள். “மரியாதைக்கு ஒருக்காப் போர்த்துவம்” என்றார்கள். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். “வேண்டாம், கொண்டுபோங்கோ” என்றேன். அவர்கள் முன் நான் மறுத்துச் சொன்ன முதல் சொல் அது. அக்கா அதைக் கேட்கவில்லை. அடுத்த நாள் பதவியை விட்டேன். கடற்கரையை மீட்கக் கடற்றொழிலாளர் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை.

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அயலவருக்கும், அந்தக் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து இரத்தம் கொடுத்த கடற்றொழிலாளருக்கும் எங்கள் நன்றி. அக்காவோடு கதைக்கக் கூடாது என்றிருந்த நாட்களிலும் படலையைத் திறந்து உள்ளே வந்து அவரோடு கதைத்தவர்களை நாங்கள் மறவோம். அவர்களில் ஒருவனாக நான் இருக்கவில்லை.

இங்ஙனம்,
தம்பி