சின்னத் துளைகள்தான்

வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் பாலேஸ்வரிக்கு உடம்பு இன்னொருதரம் சோர்ந்துபோகும். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த நாள் தொட்டு ஆட்கள் வந்தபடி. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று கண்டு, ரோபோ வைத்துக் கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு நோயைப் பற்றிக் கேட்கக் கூச்சம். ரோபோவைப் பற்றிக் கேட்க ஆசை.

பதில் சொல்லக் கணவர் கதிர்காமநாதன் இருந்தார். வங்கியில் வேலை செய்த காலமெல்லாம் அதிகம் வாய் திறவாத மனுசன், இப்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கையையும் ஆட்டி விளக்குவார்.

"டொக்டர் அங்கால இருந்து திரையைப் பாத்து ரெண்டு பிடியை அசைக்கிறார். இஞ்சால மிசினிட கை அப்பிடியே செய்யுது. பெரிசா வெட்டேல்லை. சின்னத் துளையள்தான்."

துளைகள் சின்னவைதான். உள்ளே எடுத்தது சின்னதில்லை. தலை வாரக் கை தூக்கினாலே பாலேஸ்வரிக்குக் களைத்தது. ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு படுத்துக் கிடக்க வெட்கம். எழும்பித் தேத்தண்ணி போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்கிசையிலிருந்து மருமகள் முறையான தாரிகா வந்தாள்.

"மாமி, ஓடித்திரியிறியள்! மகள் பெரியபிள்ளையாயிட்டாள், அடுத்த மாசம் சாமத்திய வீடு. பலகாரம் நீங்கள்தான் சுடவேணும்."

பாலேஸ்வரி தேத்தண்ணித் தட்டத்தை மேசையில் வைத்தாள். "எனக்கு ஏலாது, பிள்ளை. நான் போய்ப் படுக்கப்போறன்."

தாரிகாவை அனுப்பிவிட்டுக் கதிர்காமநாதன் அறைக்குள் வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து அவளே முந்திக்கொண்டாள்.

"உங்கட ரோபோக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

"எனக்கும்தான்," என்றார். "ஒப்பரேசனண்டைக்கு வெளியில இருக்கேக்க எனக்கு ஒண்டும் ஓடேல்லை. நீர் திரும்பி வராட்டி எண்டு... அதை வாறவைக்குச் சொல்லேலுமே? மிசினைப் பற்றியெண்டால் கதைக்கலாம்."

அவள் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் போட்ட சேட்டோடேயே சாய்ந்தார். கடற்கரைப் பக்கம் ரயில் போனது. இரண்டு பேரும் பொழுதுபடும்வரை நித்திரை.

அதற்குப் பிறகு மணி அடித்தால் அவரே கதவடியில் நின்று, "அவ படுத்திருக்கிறா, பிறகு வாங்கோ," என்று அனுப்பிவிடுவார்.

நோய் வேறெங்கும் பரவவில்லை என்று பிறகு ஒருநாள் டொக்டர் சொன்னார். துள்ளிச் சந்தோசப்பட இருவரிடமும் தெம்பில்லை. வரும் வழியில் கடையில் இடியப்பம் கட்டி வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு, பாலேஸ்வரி வெட்கமில்லாமல் போய்ப் படுத்தாள்.