தானாக எழுந்த கம்ப்யூட்டர்

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பீரோ அளவு இயந்திரம். கரண்ட் போய்விட்டு வந்தால் அது சும்மா நிற்கும். நான் ஓடிப்போய் முகப்பிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்ததும் அது முதலில் மணி என்னவென்று கேட்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை டைப் அடிப்பேன். ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவதும் அந்த இயந்திரம்தான்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து உள்ளே புதிய கார்டு ஒன்றைச் செருகினார். இனி கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருமாம்.

"இனிமே உங்களுக்கு ரெஸ்ட்தான் சார்" என்று சிரித்தார். ரெஸ்ட் என்றால் சீட்டைக் கிழிப்பது என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரமே காலையில் வெகுநேரம் கரண்ட் இல்லை. வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொண்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

மத்தியான ஷிப்ட் ஆட்கள் வெயிலில் வாசலில் நின்றார்கள். சங்கு ஊதாமல் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார் வாட்ச்மேன்.

"மணி ஆயிட்டுல்லா அண்ணாச்சி!"

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாவே?"

சத்தம் கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். வேலையைப் போலவே கடிகாரத்தையும் அது விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்திருந்தது. சரியான நேரத்தை டைப் அடித்தேன். உடனே சங்கு ஊதியது.

முதலில் உள்ளே வந்த ஃபிட்டர் ஒருவர் என்னருகே வந்து நின்றார்.

"தானா எந்திச்சிட்டு, சரி. எம்புட்டு நேரம் ஒறங்குனோம்னு யார்ட்டயாவது கேட்டுச்சா சார்?"