கறிக்கடைக்காரர் எடுத்த கார்டு

கள்ளக்குறிச்சியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு கறிக்கடைக்காரர் வந்தார். பேசும்போதெல்லாம் விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கத்திச் சண்டை கேம் விளையாட, கம்மி விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். மற்ற பாகங்களை என்னிடம் விட்டுவிட்டு, திரையில் படம் எவ்வளவு தத்ரூபமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் தானே பார்த்து எடுப்பதாகச் சொன்னார்.

விலை கூடிய கார்டை மாட்டிக் கொடுத்தேன். திரையில் நின்றவனின் கழுத்தை அறுத்தார். ரத்தம் பீறிட்டுச் சுவரில் வழிந்தது.

"அறுத்தா இப்டிதாங்க பாயும்."

மலிவான கார்டில் மறுபடியும் அறுத்தார். சிவப்புச் சாயம்போல ஏதோ தெறித்து மறைந்தது.

"இது போதுங்க."

"மொதல்ல பாத்ததுல எல்லாம் நெஜமா தெரியுமேங்க," என்றேன்.

"நெஜத்ததான் விடிஞ்சதுலருந்து பாத்துகினு இருக்கேன். வூட்லயாவது பொய்யா இருக்கட்டும்."

அந்தக் கார்டில் கார் பந்தய கேமும் நன்றாகவே ஓடும். அறுக்கிற கேமையே அவர் ஏன் கேட்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.