மகன் ஏன் ஜன்னலைச் சாத்தினான்?

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரம் போனதும் முதல் வகுப்பில் ஒரு சிறுகதையைப் பற்றி நான் பேச வேண்டும். போன முறை பேசியபோது ஆசிரியர் பாதியில் நிறுத்திவிட்டார். "கதைய நாங்களும் படிச்சிட்டோம் தம்பி. நீ என்ன பாத்தேன்னு சொல்லு." வகுப்பே சிரித்தது. இன்றும் சிரித்தால் இனி அங்கே வாயைத் திறக்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கதை என்றால் கடைசியில் ஒரு நீதி இருக்கும், அதை எழுதினால் மார்க். பள்ளிக்கூடம் அப்படித்தான் பழக்கியிருந்தது.

கதை சின்னதுதான். மகனை விடுதியில் சேர்க்க வரும் அப்பா, வாட்ச்மேன் நிற்கும் வாசலிலேயே பெட்டியைக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிவிடுகிறார். படித்தவர்கள் நடுவே நிற்கக் கூசி ஓடிவிட்டார் என்கிறான் மகன். தாழ்வு மனப்பான்மை கூடாது என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டு, பெட்டி வறுமையின் குறியீடு, வாசல் சமூகத்தின் குறியீடு என்று நிரப்பினேன்.

முட்லூரில் ஏறிய என் வகுப்பு நண்பன் தாளைப் பிடுங்கிப் படித்தான்.

"பெட்டி குறியீடு, வாசல் குறியீடு. வாட்ச்மேன் மட்டும் என்னா பாவம் பண்ணான் மச்சான்? அவனையும் சேத்துக்க."

"ஓட்டாதடா. அந்த அப்பாவ நெனச்சாலே எரியுது. புள்ளய உட்டுட்டு ஓடுறாரு."

"ஓடுனாருன்னு யாரு சொன்னா?"

"மவன்தான்."

"அவரு சொன்னாரா?"

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்க, கதையை மறுபடி எடுத்தேன். மாடியேறிய மகன் அறை ஜன்னலைத் திறக்கிறான். வாசல் மரத்தடியில் ஒரு வெள்ளைத் துண்டு தெரிகிறது. உடனே சாத்திவிடுகிறான். முதல் பக்கத்தில் அப்பாவின் தோளில் கிடப்பதும் வெள்ளைத் துண்டுதான். இத்தனை தடவை படித்தும் எப்படித் தாண்டினேன்? மகன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியிருக்கிறேன். நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவன் என்பதாலோ என்னவோ.

வகுப்பில் தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னலிலிருந்து ஆரம்பித்தேன். கதை சொல்பவன் மகன், அப்பாவின் மனசு நமக்கு அவன் வாய் வழியாகத்தான் வருகிறது என்றேன். அதற்குள் முன்வரிசை மாணவி குறுக்கிட்டாள்.

"வெள்ளத் துண்டு ஊர்ல எல்லாரும்தான் போடுறாங்க. அது அப்பான்னு கதையில எங்க இருக்கு?"

"இல்லதான். ஆனா அவரா இருக்குமோன்னு மவன் பயந்திருக்கான். இல்லன்னா எதுக்கு சாத்தணும்?"

"அப்ப கூச்சம் யாருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. மகனுடைய கூச்சம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குக் காட்ட, நின்றபடியே கதையின் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.