எட்டு வால்வும் ஒரு கோலமும்

சைகோனில் என் கணவர் ஒரு கார் வாங்கினார். வாங்கினார் என்பதைவிட, அது அவரிடம் வந்து மாட்டிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கப்பலேறும் அவசரத்தில் கைமாற்றிவிட்டுப் போன பழைய வண்டி அது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு எதற்குக் கார் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். "கடல் பாக்கணும்னியே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். நான் காரைக்கால்காரி. படுத்தால் அலைச் சத்தம் கேட்கும் தெருவில் பிறந்தவள். என் அண்ணன் என்னைக் கப்பலில் கூட்டிவந்து, செட்டியார்கள் கட்டிய முருகன் கோயிலில் இவருக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கப்பல் கடலை விட்டு ஆற்றுக்குள் திரும்பி சைகோன் துறைக்கு வந்ததே, அன்றோடு சரி. அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஆறுதான், வாய்க்கால்தான், சேறுதான். வுங் டாவ் கடற்கரைக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள் என்று நான் கேட்காத மாதம் இல்லை. "கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே" என்பார். பிறகு ஆபீசில் வேலை, மழை, துரைக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒன்று வந்துவிடும்.

அந்த வருஷம் அவரை லாவோஸுக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். லாவோஸ் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மலை இருக்கிறது, காடு இருக்கிறது, பெரிய ஆறு ஒன்று இருக்கிறது என்றார். கடல் கிடையாது. எத்தனை வருஷம் அங்கே கிடக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. காரை ஷோலோனில் ஓர் அரிசி ஆலைக்காரருக்குப் பேசி முடித்தாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை வந்து எடுத்துப்போவார். அதற்கு முந்தைய நான்கு நாளைக்கு இவர் லீவு வாங்கிவிட்டார். வியாழன் ஆயுத பூஜை, வெள்ளி விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பி வுங் டாவ் போய் இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவது என்று திட்டம். விட்டால் இனிமேல் இல்லை.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டில் காரை வைத்துக்கொண்டு கோழிக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனால் ஆபீசில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்றார். காரில் போவதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று, லீவுக்கு இரண்டு வாரம் முன்பு பியென் ஹோவா சாலையில் வண்டியை ஓட்டினார். ஒன்பதாவது மைலில் அது கொதித்து, புகைந்து, நின்றது. எருமை வண்டி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆபீஸ்காரர்கள் அதைப் பார்த்தார்களா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

கேரேஜ்காரர் வந்து பார்த்து, என்ஜினின் தலை போய்விட்டது என்றார். சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும் இரும்புப் பாளத்தை அவர்கள் 'குலாஸ்' என்பார்கள். அது சூட்டில் வளைந்திருந்தது. அதற்குள் இருக்கும் எட்டு வால்வுகளும் கருகியிருந்தன. கேரேஜில் ஏற்கனவே வண்டிகள் வரிசையில் நின்றன. மாதக் கடைசிக்குள் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். இவர் முகம் சுண்டிப்போய் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். வண்டியோடு வந்த பிரெஞ்சுக் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு, "நானே செய்யுறேன்" என்றார்.

என் கணவர் அதுவரை வீட்டில் பழுது பார்த்தது ஒரே ஒரு குடை. அதையும் பிறகு தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது. ஆனால் கையேட்டை அவர் சட்டப்புத்தகம் மாதிரி படித்தார். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசிப்பார். மூன்றாம் முறை எனக்கு வாசித்துக் காட்டுவார். நட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை என்றதும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். தலை பிடித்துக்கொண்டு வரவில்லை என்றதும் என் உலக்கையை எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினார். நெல்லு குத்தக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

தலை ஒருவழியாகப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. அது எங்கே வளைந்திருக்கிறது என்று பார்க்க, மட்டமான ஒரு பரப்பு வேண்டும் என்றார். என் நிலைக்கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றி மேஜைமேல் படுக்கப்போட்டார். ஏதோ சாயம் பூச வேண்டும் என்று கையேடு சொன்னது. அது எங்களிடம் இல்லை. நான் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். அதைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி, தலையை அதன்மேல் வைத்து நகர்த்தினார். மேடான இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டியது. அந்த இடங்களைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தார். ஐந்து நாள் சாயங்காலம் இதே வேலை. "இந்த வீட்டுல எனக்குக் கண்ணாடி கிடையாது, உங்க என்ஜினுக்கு மட்டும் தினம் பொட்டு" என்றேன். "நீ கண்ணாடி பாக்காமலே நல்லாத்தான் இருக்கே" என்றார், தலையை நிமிர்த்தாமலே. எந்தத் தலையை என்று சொல்லவேண்டியதில்லை.

வால்வுகளை அவற்றின் குழிகளில் பொருத்தித் தேய்க்கும் வேலை மட்டும் அவருக்குக் கைவரவில்லை. மணல்போல் கரகரக்கும் தேய்ப்புப் பசையைத் தடவி, ரப்பர் குமிழ் மாட்டிய குச்சியால் வால்வைப் பிடித்து, குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்ட வேண்டும். அவர் உருட்டினால் குச்சி எகிறிப்போய்ச் செடித்தொட்டியில் விழுந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். கீரை மத்து உருட்டுகிற மாதிரிதான். இதில் என்ன இருக்கிறது. எட்டையும் நானே தேய்த்தேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழுந்தது. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கையேட்டில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, படம்தான் கொஞ்சம் மட்டம் என்றார்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வால்வு இந்தக் குழியோடு சேர்ந்து தேய்ந்தது. இனி இதற்கு அதுதான், இடம் மாறக் கூடாது. ஒரு பலகையில் வரிசையாக எட்டுத் துளை போட்டு, சாக்பீசால் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, வால்வுகளை அவற்றில் நிறுத்திவைத்தார். அதெல்லாம் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. தலைக்கு அடியில் வைக்க வேண்டிய புதுச் செம்புத் தகடும் வாங்கியாகிவிட்டது. மறுநாள் மூடி முறுக்கிவிட்டால் வெள்ளிக்கிழமை கிளம்பலாம்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடுவார்களா? ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் நான் விடியற்காலையிலேயே பூஜையில் வைத்துவிட்டேன். என் அரிவாள்மணையும் அங்கேதான் இருந்தது. புத்தகமும் வைக்க வேண்டும் என்பதால் கையேடும் போய்விட்டது. இவர் எழுந்துவந்து பார்த்து, "மத்தியானமா ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கலாமா" என்று கேட்டார். மறுநாள் புனர்பூஜை ஆகாமல் எதையும் எடுக்கக் கூடாது என்றேன். வெள்ளி காலை பூஜை முடித்துவிட்டு மூடினாலும் மத்தியானம் கிளம்பலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சமாதானமானார். துரைக்கு முன்னால் நின்று வாதாடுகிற மனிதர், சரஸ்வதிக்கு முன்னால் அடக்கமாகச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை புனர்பூஜை முடிந்ததும் அவர், "பலகை எங்க?" என்றார். பூவைக் குவித்து மூடியிருந்த பலகையையும் இலையையும் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜைக்கு எதையும் அழுக்கோடு வைக்கக் கூடாதே. பலகையைக் கழுவியிருந்தேன். சாக்பீஸ் எழுத்து போய், அங்கே மாக்கோலம் இருந்தது. வால்வுகளைப் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, எண்ணெய் தொட்டு, வாழை இலையில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். எட்டும் மின்னின. எது எந்தக் குழி என்று அந்த சரஸ்வதிக்குத்தான் தெரியும்.

அவர் இலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இரண்டு வாரமாக அவரை நான் செய்த கேலி அத்தனைக்கும் சேர்த்துத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "எல்லாம் பளபளன்னு இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் போயிற்று, அதுவும் என் கையாலேயே போயிற்று என்று அழுதேன்.

"பஸ்சுல போயிடலாமா?" என்று அவரே கேட்டார். கோழிக்கூடைகளுக்கு நடுவில் உட்காரவும் தயாராகிவிட்டார். இப்போது எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. "வேணாங்க. நான் கெடுத்தத நானே சரி பண்றேன்" என்று குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுபடியும் குங்குமம்தான். வால்வின் விளிம்பில் சிவப்பைத் தடவி, ஒரு குழியில் வைத்துத் திருப்பிப் பார்ப்போம். குழியில் சிவப்பு முழு வட்டமாகப் பதிந்தால் அது அதன் வீடு. ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் அடுத்த குழி. "பொட்டு அழிஞ்சுடுச்சா பாரு" என்று ஒரு முறை சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அதட்டினேன். பிறகு "சிவப்பு இடம் மாறிடுச்சா" என்று மரியாதையாகக் கேட்டார். மத்தியானத்துக்குள் ஐந்து வால்வுகள் வீடு சேர்ந்தன. மீதி மூன்றும் எந்தக் குழியிலும் முழு வட்டமாகப் பதியவில்லை. அவற்றைப் புதிதாகத் தேய்த்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. சனிக்கிழமை முழுக்க அவர் தலையை ஏற்றி, நடு நட்டிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். சாயங்காலம் என்ஜின் இருமி, தும்மி, கிளம்பியது. நான் ஓடிப்போய் சாமி விளக்கை ஏற்றினேன்.

மீதி இருந்தது ஞாயிறு ஒரே நாள். விடியற்காலை கிளம்பினோம். பா ரியா சந்தையடியில் இரண்டு தேங்காய் வாங்க வண்டியை நிறுத்தினார். அவ்வளவுதான், மறுபடி கிளம்ப மாட்டேன் என்றது. அரை மணி நேரம் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றி, சந்தையில் பாதிப் பேர் வந்து தள்ளிவிட்ட பிறகுதான் உயிர் வந்தது. "இனிமே வீட்டுக்குப் போய்த்தான் நிறுத்துவேன்" என்றார்.

அதனால் வுங் டாவில் கடற்கரை ஓரமாக வண்டி ஓடிக்கொண்டே நின்றது. அவர் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு இறங்கி நின்றார். "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் பாக்காத கடலா" என்றார். நான் ஓடினேன். சேலை நனைய நின்றேன். உப்பு முகத்தில் அடித்தது. என் வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை, அழுதேன், சிரித்தேன்.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். அவர் என்ஜினைப் பார்க்கவில்லை. மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க கடல் பாத்து எத்தனை வருஷமாச்சு?"

"பதிமூணு." யோசிக்காமல் சொன்னார்.

நான் பிறந்த தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்தவர். என்னைவிட ஒன்பது வருஷம் முன்னால் கப்பலேறியவர். நான்கு வருஷம் என் கடல், என் கடல் என்று அவர் உயிரை எடுத்திருக்கிறேன்; ஒரு நாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "ஒரு நாளாவது தனியா வந்து பாத்திருக்கலாமே" என்றேன்.

"பாத்திருந்தா கப்பலேறி ஊருக்குப் போயிருப்பேன். ஆபீசுக்குத் திரும்பியிருக்க மாட்டேன்."

நான் சுற்றிவந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். "எந்த மிதிய அழுத்தணும், சொல்லுங்க. நான் நிக்காம பாத்துக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. "எட்டும் நான் தேச்சது. அதுங்க சத்தம் எனக்குத் தெரியும். நீங்க போங்க."

என் பாதத்தை மிதிமேல் வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். பிறகு பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். முதலில் நடந்தார். பாதியில் ஓட ஆரம்பித்தார். நான் பாதத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. என்ஜின் தலையிலிருந்து லேசாக ஆவி கிளம்பியது. வால்வுகள் எட்டும் தட்டிக்கொண்டிருந்தன. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார், நான் நின்றதைவிட அதிக நேரம்.

வந்தபோது கண் சிவந்திருந்தது. "உப்புத்தண்ணி பட்டுடுச்சு" என்றார். கேலி செய்ய அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டேன்.